மந்தை கடக்கும் கணவாய்கள்

இமாச்சலில் மக்லியோட்கஞ்சுக்கு மேலே, சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், திரியுண்ட் என்றொரு புல்மேடு இருக்கிறது. விடுமுறை நாளில் அங்கே போனால் கால் வைக்க இடம் தேட வேண்டும். அதற்கு மேலே 4,342 மீட்டரில் இந்திரஹார் கணவாய். திரியுண்டுக்கு வருகிறவர்களில் கொஞ்சம் பேர் அதுவரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்திரஹாருக்கு இரு பக்கமும் அதே தௌலாதார் மலைச்சுவரில் மின்கியானி, பலேனி, குண்ட்லி, தோரல், தாலங், வாரு, ஜால்சு என்று வரிசையாகக் கணவாய்கள் இருக்கின்றன. நான் அவற்றில் நடந்தபோது எதிர்ப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆடு மேய்ப்பவர்கள்தான். ஒரு மலைச்சுவரில் ஒரே ஒரு வாசலில் அத்தனை கூட்டமும் நிற்க, மற்ற வாசல்கள் காலியாகக் கிடப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

“கூட்டமில்லாத கணவாய் ஒன்று சொல்லுங்கள், பக்கத்தில் கயிறு இல்லாமல் ஏறக்கூடிய சிகரம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்” என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அந்த ஒன்றோடு முடிந்துவிடும். தேடும் முறையைச் சொன்னால் தௌலாதாரில் மட்டுமல்ல, கிண்ணாரிலும் கட்வாலிலும் உதவும். எனக்கு அந்த முறையைப் பழக்கியது தௌலாதாரும், அதற்கு வடக்கே இருக்கும் பீர் பஞ்சாலும், அவற்றைக் காலம்காலமாகக் கடந்துவரும் கத்தீ இன மேய்ப்பர்களும்தான்.

கத்தீகளின் ஆண்டு இப்படிப் போகிறது. குளிர்காலத்தில் மந்தைகள் காங்க்ராவின் தாழ்வான காடுகளில் இருக்கும். மே, ஜூனில் தௌலாதாரைத் தாண்டிச் சம்பாவுக்கு, ராவி ஆற்றின் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கும். அவற்றில் ஒரு பகுதி ஜூலையில் பீர் பஞ்சாலின் குக்தி, சோபியா, காலிச்சோ கணவாய்களை ஏறி லாஹூலுக்குப் போகும். மழை எட்டாத லாஹூலின் புல்லுக்கு ருசி அதிகம் என்று அவர்கள் சொல்வார்கள். செப்டம்பரில் அதே வழியில் திரும்புவார்கள். கணவாயை அவர்கள் ‘ஜோத்’ என்கிறார்கள். நமக்கு அறியப்படாத கணவாய் என்று தோன்றுவது அவர்களுக்குப் பாட்டன் காலத்து ஜோத். எந்தக் குடும்பத்து மந்தை எந்த ஜோத் வழியாகப் போகும் என்பதுகூடத் தலைமுறைகளாக வரும் வழக்கம்.

ஆகவே வரைபடத்தில் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே முகடு தாழும் இடம் கண்ணில் பட்டால் நான் முதலில் பார்ப்பது உயரத்தை அல்ல. இரு பக்கமும் புல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம் இருந்தால் மந்தை அதைக் கடக்கக் காரணம் இருக்கிறது. மந்தை கடந்தால் ஆட்டுக்குட்டி ஏறக்கூடிய ஏதோ ஒரு கோடு அந்தச் சரிவில் இருக்கிறது. ஒரு பக்கம் புல்லும் மறு பக்கம் வெறும் பனியாறும் பாறையும் என்றால், அங்கே யாரும் ஆடு ஓட்டியிருக்க மாட்டார்கள். அது மலையேற்றக்காரர்களின் கணவாய். கயிறும், பனிப்பிளவைக் கடந்த அனுபவமும் இல்லாதவர்கள் அதை விட்டுவிட வேண்டியதுதான். இந்த ஒரு கேள்வியே பட்டியலில் பாதிக்கு மேல் கழித்துக்கட்டிவிடும்.

மேசை வேலையிலிருந்து தொடங்கலாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்கள் கிடைத்தால் நல்லது. மேலோட்டமாகப் பார்க்க, அமெரிக்க ராணுவம் தயாரித்த 1:250,000 அளவிலான யு502 வரிசைப் பழைய வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; நாம் மறந்துவிட்ட பல கணவாய்ப் பெயர்கள் அவற்றில் அச்சாகியிருக்கின்றன. செல்போன் செயலிகளில் தெரியும் சம உயரக் கோடுகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த தரவிலிருந்து வரையப்பட்டவை. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 20 மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தால் அது திரையில் மென்மையான சரிவாகத் தெரியும். இந்தக் கோடுகளை வைத்து ஒரு வழியை வேண்டாம் என்று தள்ளலாம், வேண்டும் என்று முடிவு செய்யக் கூடாது.

தள்ளுவதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். கோடுகளின் இடைவெளி 40 மீட்டர் என்று ஓரத்தில் போட்டிருந்து, இரண்டு கோடுகள் ஒரு மில்லிமீட்டருக்கு நெருங்கிவிட்டால் அந்தச் சரிவு ஏறக்குறைய 39 பாகை. பனிச்சரிவுகள் உடைந்து விழுவது பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள். கோடுகள் அப்படி நெருங்கும் இடத்தில் ஜூன் மாதம் பனி இருந்தால் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

வரைபடத்துக்கு அடுத்தது செயற்கைக்கோள் படம். இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், செலவிட்ட ஒவ்வொரு மணிக்கும் பலன் இருந்திருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படங்கள் யாருக்கும் இலவசம். ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் பிடிக்கிறது, ஒரு புள்ளிக்குப் பத்து மீட்டர் அளவில். நான் செப்டம்பர் மூன்றாம் வாரம் போவதாக இருந்தால், முந்தைய ஆண்டுகளின் செப்டம்பர் மூன்றாம் வாரத்துப் படங்களை எல்லாம் அடுத்தடுத்துப் பார்ப்பேன். எந்தச் சரிவில் பனி எப்போதும் தங்குகிறது, எது ஓர் ஆண்டு மட்டும் வெள்ளையாக இருந்தது என்பது புரிந்துவிடும். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதிவாரியாகப் புரட்டும் வசதியும் இருக்கிறது. அதில் அருகே போய்ப் பார்த்தால் புல்சரிவில் வெளிறிய கோடுகள் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும். அவை மந்தையின் தடம். மரங்கள் முடியும் எல்லைக்கு மேலே கல்லால் சுற்றிக் கட்டிய சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தால் பட்டிகள்.

இன்னொரு அடையாளத்தைப் படத்திலும் பார்க்கலாம், நேரிலும் பார்க்கலாம். பழுப்பேறிய புல்வெளிக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கரும்பச்சை. ஆடுகள் ஆண்டாண்டாக இரவு அடைந்து கிடந்த இடத்தில் சாணமும் சிறுநீரும் மண்ணை உரமாக்க, அகன்ற இலையுள்ள காட்டுச் சுக்கான்கீரை வகையும் செந்தட்டி போன்ற அரிப்புச் செடிகளும் அடர்ந்து வளர்கின்றன. அந்தத் திட்டுகளைப் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தால் மந்தையின் தங்குமிடங்கள் கிடைக்கும். ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு நாள் நடை. பக்கத்தில் தண்ணீரும் இருக்கும். எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத ஒரு பயணத் திட்டத்தை இப்படிப் பச்சைத் திட்டுகளை வைத்தே போட்டுவிடலாம்.

படிக்க வேண்டியதும் உண்டு. ஹிமாலயன் கிளப் 1928இல் தொடங்கப்பட்டது. அதன் ஆண்டிதழான ஹிமாலயன் ஜர்னல் 1929 முதல் வருகிறது. பழைய இதழ்களை இணையத்திலேயே படிக்கலாம். பின்னாளில் நேபாளத்தில் ட்ரெக்கிங் தொழிலைத் தொடங்கிவைத்தவர் என்று புகழ்பெற்ற ஜிம்மி ராபர்ட்ஸ், இளம் அதிகாரியாகத் தர்மசாலாவின் கூர்க்கா படையில் இருந்தபோது தௌலாதாரில்தான் மலை ஏறிப் பழகினார். ஹரீஷ் கபாடியா பல பத்தாண்டுகளாக எழுதியவற்றில் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் கணவாய்கள் இருக்கின்றன; கணவாயைச் சிகரத்துக்குக் குறையாமல் மதித்து எழுதியவர் அவர். ஒன்றை மட்டும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்: பனியாறுகள் சுருங்கிவிட்டன. 1930களின் கட்டுரையில் “எளிதான பனிச்சரிவு” என்று இருக்கும் இடம் இன்று உருளும் கற்குவியலாகவோ கண்ணாடிபோல் இறுகிய பழம்பனியாகவோ இருக்கலாம். பழைய எழுத்திலிருந்து திசையையும் தூரத்தையும் எடுத்துக்கொள்ளலாம், சரிவின் நிலையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு, கடைசி முடிவு மலையில் இருக்கும் ஆளிடம் கேட்டுத்தான். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “இந்த வழியாகப் போகலாமா?” என்று கேட்டால் “போகலாம்” என்றுதான் பதில் வரும். விருந்தாளியின் மனம் நோகாமல் பேசும் மலைநாட்டு மரியாதை அது. தவிர, அவர் போவார், ஆகவே போகலாம்தான். “எத்தனை மணி நேரம்?” என்பதும் பயனில்லாத கேள்வி. அவருடைய இரண்டு மணி எனக்கு ஐந்து மணி.

திரியுண்டிலிருந்து இந்திரஹாருக்கு ஏறும் வழியில் இருக்கும் லஹேஷ் பாறைக் குகைக்குக் கீழே ஒரு மாலை, இடுப்பில் கறுப்புக் கம்பளிக் கயிற்றைச் சுற்று சுற்றாகக் கட்டியிருந்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்திருந்தேன். கிழக்கே தெரிந்த ஒரு ஜோத்தைக் காட்டி, “சாச்சா, கடைசியாக இதை எந்த மாதம் கடந்தீர்கள்?” என்று கேட்டேன்.

“ஜேட் மாதம் பாதி போயிருக்கும். அப்போது பனி இருந்தது. இருட்டோடு கிளம்பி, வெயில் வருவதற்குள் மேலே ஏறிவிட்டோம்.”

“முந்தின இரவு எங்கே?”

“அந்தப் பெரிய பாறைக்குக் கீழே. அங்கே தண்ணீர் உண்டு, விறகு கிடையாது. இங்கிருந்தே சுமந்து போனோம்.”

“அந்தப் பக்கம் இறங்கி முதல் தண்ணீர்?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “ரொம்பக் கீழே, பேட்டா. ஆடுகள் பனியை நக்கிக்கொண்டே இறங்கின.”

ஜேட் என்றால் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. அப்போது அந்தக் கணவாயில் பனி உண்டு. விடியற்காலையில் இறுகியிருக்கும், வெயில் ஏறினால் இளகும். கடைசி முகாம் மரங்களின் எல்லைக்கு மேலே. மறுபுறம் நீண்ட வறண்ட இறக்கம். செப்டம்பரில் போனால் நக்கிக்கொள்ளப் பனியும் இருக்காது, இந்தப் பக்கத்திலிருந்தே தண்ணீர் சுமக்க வேண்டும். நான்கு வார்த்தைப் பதில்களில் எந்தச் செயலியும் தராத விவரம் இவ்வளவு இருந்தது. மாதம், முந்தின இரவு, மறுநாள் இரவு, முதல் தண்ணீர், எத்தனை ஆடுகள் என்று நடந்து முடிந்ததைக் கேளுங்கள். நடக்கப்போவதைக் கேட்காதீர்கள். இன்னொருவரிடமும் அதே கேள்விகளைத் தனியாகக் கேளுங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் புறப்படலாம்.

பருவத்தைப் பற்றி. தௌலாதாரின் தெற்கு முகம் சமவெளியிலிருந்து வரும் மழைமேகத்தை நேராக நெஞ்சில் வாங்குகிறது. தர்மசாலா இந்தியாவில் மிக அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் அந்தச் சுவரில் ஏற முயல்வது வீண். மே, ஜூனில் பாறை இடுக்குகளில் பனி நிரம்பியிருக்கும். அது உதவியும்கூட, ஏனென்றால் உருளும் கற்களை மூடி ஒரே சீரான ஏற்றமாக்கிவிடும். ஆனால் ஐஸ் ஆக்ஸைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவி. ஓடைகளின் மேல் பாலம்போல் நிற்கும் பனி அடியில் குடைந்திருக்கும். அதன்மேல் நடக்காமல் சுற்றிப் போவதே மேல். மழை விலகும் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் முதல்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு. காற்று கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருக்கும். மந்தைகளும் அப்போதுதான் திரும்பி வரும், கேட்பதற்கு ஆள் இருக்கும். ஆகஸ்டில் போக முடிந்தவர்கள் மழை எட்டாத லாஹூல், ஸ்பிதி பக்கம் தேடலாம். அங்கே பனியாற்று ஓடைகள் பிற்பகலில் இடுப்பளவு ஏறிவிடும். காலை ஏழு மணிக்கு முழங்காலளவு ஓடும் அதே ஓடையை அப்போதே கடந்துவிட வேண்டும்.

உயரம் நம்மை, கடலோரத்திலிருந்து போகிறவர்களை, கொஞ்சம் கடுமையாகவே சோதிக்கும். தர்மசாலா சுமார் 1,450 மீட்டர். அங்கிருந்து இரண்டே நாளில் 4,300 மீட்டருக்கு ஏறிவிட முடியும் என்பதுதான் தௌலாதாரின் ஆபத்து. மலை பக்கத்தில் இருப்பதால் உடம்புக்கு அவகாசம் கிடைப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் படுக்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்கி ஓய்வெடுக்கும்படிதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான் அதைக் கறாராகக் கடைப்பிடிக்கிறேன். திரியுண்டில் ஓர் இரவு, லஹேஷ் உயரத்தில் இரண்டு இரவு. அந்த இரண்டாவது பகலைச் சும்மா கழிக்காமல் பக்கத்து மேட்டில் ஏறி, நாளைய வழியை எதிரிலிருந்து பார்க்கலாம். சரிவை அதன் அடியில் நின்று பார்த்தால் செங்குத்தாகத் தெரியும்; எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால்தான் தட்டுகளும் இடைவெளிகளும் புலப்படும். நேராக நடக்கச் சொன்னால் ஒருவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அப்போதே, இரவென்றாலும், கீழே இறக்க வேண்டும். அதில் விவாதத்துக்கு இடமில்லை.

கத்தீகளின் வரிசையைப் பின்பற்றுவதில் இந்த நன்மையும் உண்டு. முதலில் தௌலாதாரைக் கடந்து, ராவிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கி, பிறகு 5,000 மீட்டரை ஒட்டிய குக்தியை நோக்கிப் போனால் உடம்பு தானாகவே பழகியிருக்கும்.

சிகரங்களுக்கு வருவோம். கைகளையும் ஊன்றி ஏறும் ஸ்க்ராம்பிளிங் சிகரத்தைக் கீழிருந்து தேடுவதைவிடக் கணவாயிலிருந்து தேடுவது நல்லது. கணவாயை அடைந்த பிறகு பெரும்பகுதி உயரம் கைவசம் வந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது முகட்டின் மேல் 200, 300 மீட்டர். இந்திரஹாருக்குப் பக்கத்தில் சுமார் 4,600 மீட்டர் உயரத்தில் முன் என்ற சிகரம் இருக்கிறது. கணவாய்க்கு வருபவர்களில் மிகச் சிலரே அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மணாலிக்கு அருகே சோலாங் பள்ளத்தாக்கின் மேலிருக்கும் 4,220 மீட்டர் பாட்டல்சு வேறு மாதிரி. பெரும்பகுதி புல்லிலும் கல்லிலும் நடை, மேலே கொஞ்சம் பாறை. பழகுவதற்கு அது நல்ல மலை. முகட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அகலமான, படிப்படியாக உயரும் முதுகைப் பாருங்கள். பாறை இடுக்குகள் எளிதாகத் தெரிந்தாலும் மேலிருந்து விழும் கல் எல்லாம் அவற்றின் வழியாகத்தான் வரும்.

பாறையின் குணம் தெரிய வேண்டும். தௌலாதாரின் முதுகெலும்பு கிரானைட். கரடுமுரடாக, கையைப் பிடித்துக்கொள்ளும் கல் அது. நம் வட மாவட்டங்களின் கருங்கல் குன்றுகளில் உராய்வை நம்பி ஏறிப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஆனால் அதே நடையில் சம்பா பக்கம் இறங்கி பீர் பஞ்சாலை நெருங்கினால் பலகைக்கல் வந்துவிடும். கிராமத்து வீடுகளுக்கு அதைத்தான் ஏடு ஏடாகப் பிளந்து கூரை வேய்கிறார்கள். கூரைக்கு உதவும் அதே குணம் ஏறுகிறவருக்கு எமன்: இழுத்த இழுப்பில் தகடு தகடாகக் கையோடு வந்துவிடும். பலகைக்கல்லில் பிடியை வெளிப்பக்கம் இழுக்கக் கூடாது, கீழ்நோக்கி அழுத்தித்தான் பிடிக்க வேண்டும். செங்குத்து அதிகமானால் அந்தச் சிகரத்தை விட்டுவிடுவேன், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பாறையின் வயதை அதன்மேல் படர்ந்திருப்பது சொல்லும். நாம் குழம்பில் போடும் கல்பாசியின் உறவினங்கள் அந்த உயரத்துப் பாறைகளில் கறுப்பாகவும் ஆரஞ்சாகவும் ஒட்டிக்கொண்டிருக்கும். மிக மெதுவாக வளர்பவை அவை. அவை படர்ந்த கல் வெகுகாலமாக அசையாமல் கிடக்கிறது என்று பொருள். வெளிறிய, புதிதாக உடைந்த முகங்களே தெரிந்தால் அந்தச் சரிவு இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. மழையோ பனித்துளியோ பட்டால் அந்தப் பாசி வழுக்கும், ஆகவே காலையில் வெயில் பட்டுக் காயும்வரை காத்திருப்பதில் தவறில்லை.

ஏறும்போது மூன்று இடங்களில் பிடிமானம் இருக்க, நான்காவது உறுப்பை மட்டும் நகர்த்துவது எல்லோருக்கும் தெரிந்த பாடம். நான் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். கடினமான ஓர் அடி எடுத்து வைத்ததும் உடனே அதே அடியைத் திரும்ப இறங்கிப் பார்ப்பேன். இறங்க முடிந்தால் மறுபடி ஏறி மேலே போவேன். இறங்க முடியவில்லை என்றால் அந்த இடத்தோடு அன்றைய ஏற்றம் முடிந்தது. ஏறும்போது பிடி கண்ணெதிரே இருக்கிறது. இறங்கும்போது அது காலுக்குக் கீழே மறைந்துவிடுகிறது. மலையில் சிக்கி நிற்பவர்களில் பலர் ஏறத் தெரிந்தவர்கள், இறங்க வழியில்லாதவர்கள். முகட்டில் நடக்கும்போது ஐம்பது அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். திரும்பும் திசையில் மலை வேறு முகம் காட்டும்.

மேகம் பிற்பகலில் கீழிருந்து ஏறும். தௌலாதாரில் பதினோரு மணிக்கே காங்க்ரா மறைந்துவிடுவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். ஆகவே சிகரத்தில் எங்கே நின்றாலும் பதினொன்றுக்குத் திரும்பிவிடுவது என் கணக்கு. அப்படியென்றால் முகாமிலிருந்து இருட்டில் கிளம்ப வேண்டும். இடி கேட்டால் முகட்டிலேயே நிற்கக் கூடாது, எந்தப் பக்கம் முடியுமோ அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும்.

கருவிகளில் தலைக்கவசத்தை யாரும் சுமப்பதில்லை, அதுதான் முதலில் பைக்குள் போக வேண்டியது. நண்பர்கள் சிலர் “எதற்கும் இருக்கட்டும்” என்று மெல்லிய கயிறு கொண்டுவருவார்கள். நங்கூரம் போடத் தெரியாத இரண்டு பேரை ஒரு கயிறு இணைத்தால் ஒருவர் விழும்போது இருவரும் போவார்கள். கயிறு வேண்டும் என்று தோன்றினால் முதலில் படியுங்கள்: மணாலியின் மலையேற்ற நிறுவனத்திலும் உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்திலும் ஏறக்குறைய நான்கு வார அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. அந்த நான்கு வாரம் நூறு கட்டுரைகளுக்குச் சமம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சேட்டிலைட் போனோ செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்தவர்கள் சிக்கியிருக்கிறார்கள். பெயர் பெற்ற சிகரங்களுக்கு டெல்லியில் இருக்கும் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் அனுமதி தேவைப்படலாம், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். குக்திப் பகுதி வனவிலங்குச் சரணாலயம். வனத்துறையிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். வானிலை மோசமானால் காங்க்ரா மாவட்ட நிர்வாகம் உயரமான இடங்களுக்குப் போவதைத் தடை செய்யும். அந்தத் தடையை மீறிப் போனவர்களைத் தேடிப் போகிறவர்களும் மனிதர்கள்தான்.

சிக்னல் இல்லாத இடத்தில் நமக்குக் காப்பு, கீழே ஒருவரிடம் விட்டுவரும் ஒரு தாள். எந்தக் கணவாய், எங்கே இரவு தங்கல், மறுபுறம் எந்தக் கிராமத்தில் இறங்குவோம், எந்தத் தேதி மாலைக்குள் அழைப்பு வராவிட்டால் யாரிடம் சொல்வது என்று எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்புவேன். வழியில் மனம் மாறி வேறு ஜோத்துக்குப் போவதில்லை. தேடுபவர்கள் தாளில் இருக்கும் இடத்தில்தான் தேடுவார்கள்.

மேய்ப்பர்களின் வீட்டுக்குள்தான் நாம் நடக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மந்தை வரும் மாதங்களில் பாறைக் குகைகளை அவர்களுக்கு விட்டுவிட்டு நம் கூடாரத்தை எட்டப் போட வேண்டும். குகையில் அடுக்கியிருக்கும் விறகு அடுத்த மழை இரவுக்காகச் சுமந்துவந்து வைத்தது, அதைத் தொடக் கூடாது. கத்தீ நாய்கள் சிறுத்தையையும் கரடியையும் எதிர்க்கப் பழக்கியவை. தூரத்திலேயே நின்று குரல் கொடுத்து, மேய்ப்பர் வந்து கூப்பிட்ட பிறகு போக வேண்டும். குறுகிய சரிவில் மந்தைக்குக் கீழே நிற்காதீர்கள், ஆடுகள் உருட்டும் கல் சிறியதாக இருக்காது. ஜோத்தின் உச்சியில் கல்லடுக்கும் திரிசூலமும் துணிக்கொடியும் இருக்கும். கடக்கும்முன் அவர்கள் வணங்கும் இடம் அது. படத்துக்காக அதன்மேல் ஏறி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு முதல் கணவாய் எது என்று கேட்பவர்களுக்கு, ஜால்சு. பைஜ்நாத் பக்கம் உத்ராலாவிலிருந்து ஏறி, சம்பாவின் ஹோலிப் பள்ளத்தாக்கில் இறங்கலாம். 3,450 மீட்டர் அளவுதான், மந்தைகள் நிறையப் போகும் அகலமான ஜோத், கேட்டுப் பழக நிறைய ஆட்கள். அது உடம்புக்கு ஒத்துவந்தால், 2,934 மீட்டரில் இருக்கும் கரேரி ஏரி வழியாக மின்கியானி, 4,250 மீட்டர். அங்கே கிரானைட் பெரும்பாறைகளில் கையூன்றிப் பழக நாள் முழுக்க இடம் உண்டு. மூன்றாவதாக இந்திரஹாரையே கடந்து, திரும்பி வராமல், சம்பா பக்கத்தில் இந்த்ரு நாக் கோயில் இருக்கும் குவார்சி கிராமம்வரை இறங்குங்கள். பலரும் உச்சியோடு திரும்பிவிடும் மலையின் வடக்கு முகம் அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு பில்லிங் பக்கமிருந்து தம்ஸர் ஜோத் வழியாக, இன்னும் சாலை எட்டாத படா பங்கால். ராவி பிறக்கும் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து காலிஹானி ஜோத்தைக் கடந்து மணாலிக்கும் போகலாம், ஆனால் அது நீண்ட வழி. குறுக்கே வெளியேற இடமில்லை, உணவு முழுவதையும் சுமக்க வேண்டும். அந்த வழியில் கிளம்பும் முன் படா பங்காலில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, அந்த ஆண்டு காலிஹானியை மந்தைகள் கடந்தனவா என்று விசாரியுங்கள். கடக்கவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.